அடுப்பேற்றாத பழக்கலவை: மலைத்தோட்டத்து வெண்ணெய்ப்பழத்துக்கு ஒரு வழி

சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் அங்கத்தினர்களுக்கு வெண்ணெய்ப்பழ மரத்தை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. கரடியூர் முதலிய மலைச் சிற்றூர்களைச் சுற்றியுள்ள தோட்டங்களில் சவுக்கு மரம், பலா, ஆரஞ்சு ஆகியவற்றோடு காப்பிச் செடிகளுக்கிடையே அதுவும் ஒரு மரமாக நிற்கிறது. ஆனால் மரத்தை அறிந்த அளவுக்குப் பழத்தை நாம் அறிந்திருக்கிறோமா என்பது வேறு கேள்வி. பழம் பறிக்கப்படுகிறது, மூட்டையாகக் கட்டப்படுகிறது, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்துக்கு இறங்கி, அங்கிருந்து பட்டணங்களுக்குச் செல்கிறது. விளைவித்தவன் வீட்டிலோ, "அது சப்பென்றிருக்கும், நமக்கு எதற்கு?" என்று அதை ஒதுக்கிவிடுகிற வழக்கம் இன்னும் முற்றிலும் மாறவில்லை.

இவ்வழக்கத்தால் வரும் நஷ்டம் நாவுக்கு மட்டுமன்று, பணப்பைக்கும்தான். அது எவ்வாறு என்பதைப் பின்னால் சொல்வோம். முதலில் பதார்த்தம் இன்னதென்று கூறிவிடுகிறோம். கெட்டியாக வடித்த தயிரையும் வெண்ணெய்ப்பழத்தின் சதையையும் சேர்த்துக் குழைத்து, இனிப்பிட்டு, அதில் மலைவாழை, பேரி, கொய்யா, ஆரஞ்சு போன்ற பழத்துண்டங்களைக் கலந்து குளிரவைத்து உண்ணும் ஒரு பழக்கலவை இது. இதற்குச் சூட்டடுப்பு வேண்டாம், முட்டை வேண்டாம், பாலைக் காய்ச்சித் தோய்ப்பதற்கும், சிறிது ஜவ்வரிசியை வேகவைப்பதற்கும் மட்டுமே நெருப்பு வேண்டும்.

இவ்வாறு குழைவான பொருளில் பழத்தைக் கலந்து உண்பது உலகில் பல நாட்டாருக்கும் பழகிய வழக்கமேயாகும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில் ஆரஞ்சையும் தேங்காய்த் துருவலையும் சர்க்கரையையும் அடுக்கி, 'அம்ப்ரோசியா' என்று பெயரிட்டுப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பண்டிகை நாட்களில் பரிமாறி வருகிறார்கள். பாலேடு சேர்ந்தது பிற்காலத்தில். மராட்டியரும் குஜராத்தியரும் தயிரை வடித்துச் சர்க்கரை கூட்டி ஸ்ரீகண்ட் செய்கிறார்கள். நம் கலியாண வீடுகளில் மஞ்சள் நிறத்தில் கிண்ணத்தில் வரும் 'புரூட் சாலட்' கஸ்டர்டு மாவினால் ஆவது. அம்மாவின் கதை சுவையானது. 1837-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆல்பிரட் பேர்டு என்ற மருந்து வியாபாரி, முட்டை ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக முட்டையின்றிச் சோள மாவைக் கொண்டு அதை ஆக்கினார். மனைவியின் பொருட்டு ஆனது பின்னர் உலக வியாபாரமாயிற்று.

வெண்ணெய்ப்பழத்தின் தாயகம் மெக்சிகோவும் அதையடுத்த மத்திய அமெரிக்க நாடுகளும் ஆகும். நம் நாட்டுக்கு அது இலங்கை வழியாக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. இலங்கைத் தமிழர் அதை 'ஆனைக்கொய்யா' என்பர். அங்கே பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்து உண்பது சர்வ சாதாரணம். பிரேசிலிலும் இந்தோனேசியாவிலும் இப்பழத்தை இனிப்போடுதான் உண்கிறார்கள். இந்தோனேசியர் அதன் மேல் காப்பிக் கஷாயமும் சிறிது விடுவதுண்டு. காப்பியும் வெண்ணெய்ப்பழமும் ஒரே தோட்டத்தில் விளையும் நமக்கு இது தோன்றாமற் போனது வியப்புத்தான். இம்மலைக்குக் காப்பி வந்தது 1820-களில், சேலம் ஜில்லா கலெக்டராயிருந்த எம். டி. காக்பர்ன் காலத்தில். பேரி மரத்தையும் அவரே இங்கு கொண்டுவந்தார் என்பர். வெளியிலிருந்து வந்த காப்பியும் பேரியும் இம்மலைக்குச் சொந்தமாகிவிட்டன. வெண்ணெய்ப்பழம் மட்டும் நம் சமையலறையில் இன்னும் விருந்தாளியாகவே இருக்கிறது.

இப்பழத்துக்கு அடுப்பேற்றாத பதார்த்தமே தகும் என்பதற்குத் தக்க காரணம் உண்டு. வெண்ணெய்ப்பழத்தை நெருப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் கசந்துபோகும். அல்வாவாகக் கிண்டவோ, ஜாம் செய்யவோ முயல்வோர் இதனால்தான் ஏமாறுகின்றனர். பலாப்பழமாயின் வெல்லத்தில் கிளறி வைக்கலாம், கொய்யாவாயின் ஜெல்லியாக்கலாம், இதைப் பச்சையாகவே உண்ண வேண்டும். மேலும், நெருப்பு பல குற்றங்களை மறைத்துவிடும். பழுக்காத பழமும் பாகில் வெந்தால் மெதுவாகிவிடுகிறது. புளித்த பழமும் வெல்லத்தோடு கிளறினால் ஏற்புடையதாகிவிடுகிறது. அடுப்பேற்றாத பதார்த்தத்தில் அந்த மறைப்பு இல்லை. பழம் எவ்விதமோ, கலவையும் அவ்விதமே.

பணப்பையின் நஷ்டம் என்றோமே, அது இங்கேதான் வருகிறது. வெண்ணெய்ப்பழம் மரத்தில் இருக்கும்வரை பழுப்பதில்லை. முற்றிய காயைப் பறித்து வைத்த பிறகே, ஒரு வாரம் முன்பின்னாக, அது பழுக்கும். முற்றாத காயைப் பறித்தாலோ எத்தனை நாள் வைத்தாலும் சரியாகப் பழுப்பதில்லை. தோல் சுருங்கும், சதை ரப்பர் போல இழுக்கும். வெளிப்பார்வைக்கு இரண்டு காய்களும் ஒன்றுபோலவே இருக்கும். விலை சற்று ஏறியிருக்கிறது என்ற செய்தி கேட்டதும் கைக்கு எட்டிய காய்களையெல்லாம் பறித்து மூட்டை கட்டுகிறவருக்கு அன்று பணம் வந்துவிடுகிறது. அந்தக் காயை வாங்கிய பட்டணத்து இல்லத்தரசி நான்கு நாள் காத்திருந்து, அறுத்துப் பார்த்து, குப்பையில் எறிகிறாள். அடுத்த முறை அவள் ஏற்காட்டுப் பழம் வேண்டாமென்று தூரதேசப் பழத்தை இரட்டிப்பு விலைக்கு வாங்குகிறாள். பறித்தவர் இன்னார் என்று அவளுக்குத் தெரியாது. மலையின் பெயர்தான் தெரியும். பலருடைய சரக்கை ஒன்றாகச் சேர்த்து விற்கும் சங்கத்துக்கு இதைவிடப் பெரிய அபாயம் இல்லை. ஒரு கூடை முற்றாத காய் நூறு கூடைக்குச் சேர வேண்டிய விலையை அறுத்துவிடும்.

தன் வீட்டில் அறுத்து உண்ணாதவருக்கு இந்த வித்தியாசம் தெரிய வழியில்லை. உண்பவருக்கோ இரண்டே பருவத்தில் தெரிந்துவிடும். காய் முற்றியதா என்றறிய ஒரு மரத்தில் ஒரு காயைப் பறித்து அறுத்துப் பார்ப்பதே நிச்சயமான வழி. உள்ளே விதையைச் சுற்றியிருக்கும் தோல் வெளுத்து, தடித்து, சதையோடு ஒட்டியிருந்தால் காய் முற்றவில்லை. அத்தோல் மெல்லியதாகிப் பழுப்பு நிறம் கொண்டிருந்தால் பறிக்கலாம். முற்ற முற்றச் சதையில் எண்ணெய்ச் சத்து ஏறுகிறது. கலவைக்கு வேண்டிய குழைவு அந்த எண்ணெயினால் வருவதே. பறிக்கும்போது காம்பைச் சிறிது விட்டே நறுக்க வேண்டும். இழுத்துப் பிய்த்தால் காம்பு விட்ட இடத்திலிருந்து அழுகல் தொடங்கும். வீட்டில் விரைவில் பழுக்க வேண்டுமாயின், பழுத்த வாழைப்பழம் இரண்டைக் கூடவைத்துக் காகிதத்தில் சுற்றி வைத்தால் போதும். வாழைப்பழத்திலிருந்து வெளிப்படும் எத்திலீன் வாயு மற்றதையும் பழுக்கச் செய்யும். கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் இடம் கொடுப்பதே பதம். பதம் கண்ட பிறகு இரண்டொரு நாளில் உண்டுவிட வேண்டும்.

இனிக் குழைவின் மற்றொரு பாதியான தயிருக்கு வருவோம். பாலேட்டைக் கடைந்து கலப்பதே மேனாட்டார் முறை. நம் வீடுகளுக்கு அது ஏற்றதன்று என்பது என் அபிப்பிராயம். ஏடு விலை அதிகம். நம் வெப்பத்தில் அது நுரைத்து நிற்பதும் இல்லை. அதிலும் முக்கியமாக, ஆரஞ்சு போன்ற புளிப்புப் பழம் பட்டதும் பாலும் ஏடும் திரிந்துவிடும். தயிரோ முன்பே உறைந்த பொருள். அதற்கு ஆரஞ்சைக் கண்டு அச்சமில்லை. ஒரு லிட்டர் கெட்டித் தயிரை வடித்தால் ஏறக்குறைய 400 கிராம் வடிதயிர் கிடைக்கும். மீதி தெளிநீராக இறங்கிவிடும். நீர் நீங்கிய தயிர் வெண்ணெய் போல் நிற்கும். அந்த நீரை நீக்குவதற்கு வேண்டிய கருவி இயந்திரமன்று, நம் நெசவாள அங்கத்தினர்களின் கைச்சரக்கான துணியே.

எல்லாத் துணியும் இதற்கு உதவாது. நெருக்கமாக நெய்த கனத்த துணியில் தயிர் அடைத்துக்கொண்டு நீர் இறங்காது. வலை போன்ற துணியில் தயிரே வெளியேறிவிடும். மெல்லிய நூலில் சற்று இளகலாக நெய்த வெள்ளை மல் துணியே உத்தமம். அது இல்லாத வீட்டில், பலமுறை வெளுத்து மெதுவான பருத்தி வேட்டியில் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளலாம். சேலத்துக் குண்டஞ்சு வேட்டியாயின் சாயக்கரையை விட்டு நடுப்பாகத்தை மட்டும் கிழித்துக்கொள்க. கரைக்கும் தயிருக்கும் சம்பந்தம் கூடாது. பாலியெஸ்டர் கலந்த துணி வேண்டாம். புதுத் துணியாயின் நெய்யும்போது பாவுக்கு இட்ட கஞ்சி அதில் நிற்கும். ஆகையால் அதை முதலில் வெந்நீரில் ஊறவைத்து அலசி, பிறகு கொதிநீரில் பத்து நிமிஷம் வேகவிட்டு, சோப்பு வாசனை ஏதும் இன்றி வெயிலில் உலர்த்திக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை உபயோகித்த பின்னும் இவ்வாறே கொதிநீரில் இட்டெடுத்தல் அவசியம். இதை வேறு எந்த வீட்டுவேலைக்கும் எடுக்கலாகாது. தைத்து ஓரம் மடித்த ஒரு சதுர கஜத் துணியை 'தயிர் வடிதுணி' என்று தனியே பெயரிட்டு நம் சங்கங்கள் விற்பனைக்கு வைத்தால் வாங்குவோர் இருப்பர் என்றே தோன்றுகிறது. பட்டணங்களில் இதற்காக ஆலைத்துணியும் நைலான் வலையும் விலைபோகின்றன.

துணியை இரண்டாக மடித்து ஒரு பாத்திரத்தின் மேல் விரித்துத் தயிரை ஊற்றி, நான்கு முனைகளையும் சேர்த்துக் கட்டித் தொங்கவிட வேண்டும். வெளியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தொங்கினால் சமவெளியின் வெப்பத்தில் தயிர் புளித்துப்போகும். ஆகவே முதல் நீர் இறங்கியதும் மூட்டையை ஒரு வடிதட்டில் வைத்துக் குளிர்ப்பெட்டிக்குள் ஐந்தாறு மணி நேரம் விட்டுவிடுக. ஏறக்குறைய ஐயாயிரம் அடி உயரத்திலுள்ள ஏற்காட்டில் இரவுக் குளிரே போதுமென்று சிலர் எண்ணலாம். மார்கழியில் ஒருவேளை போதும், மற்ற மாதங்களில் நம்ப வேண்டாம்.

ஜவ்வரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. பழத்துண்டங்களிலிருந்து கசியும் நீரை உறிஞ்சிக் கலவையைக் கெட்டியாக வைப்பதற்கும், வாயில் வழுவழுப்பாக உருள்வதற்கும் இது நல்லது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் மலேயாச் சரக்கு வருவது நின்றபோது, மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் சேலத்தில் வேரூன்றியது. அதன் உற்பத்தியாளர்கள் 1981-இல் 'சேகோசர்வ்' என்ற கூட்டுறவுச் சங்கமாக ஒன்றுகூடினர். 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் ஜில்லாவின் பதார்த்தத்தில் நம் ஜில்லாவின் ஜவ்வரிசி சேர்வது பொருத்தமே. பிடிக்காதவர்கள் விட்டுவிடலாம், குறையொன்றும் நேராது.

பத்துப் பேருக்கு வேண்டிய அளவைச் சொல்வோம். கெட்டித் தயிர் இரண்டு லிட்டர், நன்கு பழுத்த வெண்ணெய்ப்பழம் நடுத்தர அளவில் இரண்டு, பொடித்த சர்க்கரை 150 கிராம், எலுமிச்சம்பழம் இரண்டு, ஏலக்காய் ஐந்தாறு, உப்பு ஒரு சிட்டிகை, சிறுமணி ஜவ்வரிசி 75 கிராம். பழங்களில் மலைவாழை நான்கு, பேரி இரண்டு, கொய்யா இரண்டு, கிடைத்தால் ஆரஞ்சு மூன்று. வெண்ணெய்ப்பழமும் பேரியும் பெரும்பாலும் ஆனி முதல் ஆவணி வரை சேர்ந்தே வரும். ஏற்காட்டில் கோடை விழா நடக்கும் மே மாதத்தில் வெண்ணெய்ப்பழம் முற்றியிராது. அப்போது வடிதயிரோடு பலாச்சுளையும் வாழையும் சேர்த்து இதே முறையில் செய்யலாம். பலாவின் மணம் தயிரோடு சேர்வது முதலில் விசித்திரமாகத் தோன்றும். இரண்டாவது கிண்ணத்தில் அந்த எண்ணம் இராது.

ஜவ்வரிசியை அரைமணி நேரம் ஊறவைத்து, நிறைந்த நீரில் இட்டு, மணிகள் கண்ணாடி போலாகும்வரை வேகவைத்து, கொதித்து ஆறிய நீரில் அலசி வடித்துக்கொள்க. எலுமிச்சஞ்சாறு பிழிந்து விதை நீக்கி வைத்துக்கொண்ட பிறகே மற்றப் பழங்களில் கத்தி வைக்க வேண்டும். வாழை, பேரி, கொய்யா, வெண்ணெய்ப்பழம் நான்கும் அறுத்த சற்று நேரத்தில் காற்றுப் பட்டுக் கறுக்கும் இயல்புடையவை. புளிப்பு பட்டால் அக்கறுப்பு தாமதப்படும். இரும்புக் கத்தி அதை விரைவுபடுத்தும். எவர்சில்வர் கத்தியே நல்லது. வெண்ணெய்ப்பழத்தை இரண்டாகப் பிளந்து, விதையை நீக்கி, கரண்டியால் சதையை வழித்து, உடனே பாதி எலுமிச்சஞ்சாற்றை விட்டு, கட்டி தங்காமல் மசிக்கவும். வடிதயிரில் சர்க்கரையும் ஏலப்பொடியும் உப்பும் சேர்த்துக் கரையும்வரை குழைத்து, மசித்த பழத்தை அதில் கூட்டவும். இளம்பச்சை நிறத்தில் பட்டுப்போல ஒரு கூழ் கிடைக்கும்.

சர்க்கரையைப் பழத்துண்டங்களின் மேல் தூவுவது பலர் செய்யும் பிழை. சர்க்கரை பழத்திலுள்ள நீரை வெளியே இழுத்துவிடும். அரைமணி நேரத்தில் கலவை மோர் போலாகிவிடும்; துண்டங்களும் சுருங்கும். சர்க்கரை தயிருக்கு, எலுமிச்சை பழத்துக்கு என்று நினைவில் வைத்தால் போதும். தேன் விட விரும்புவோர் பரிமாறும்போது கிண்ணத்தின் மேல் விடலாம்; முன்பே கலந்தால் இளகிவிடும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.

ஆரஞ்சுச் சுளைகளின் மேல்தோலையும் விதைகளையும் நீக்குவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. செய்யாமற் போனாலோ கசப்பு தட்டும். பேரி கடினமாயின் மெல்லிய வில்லைகளாக நறுக்கவும். கொய்யாவின் விதைப்பகுதியை வழித்துவிட்டுச் சதையை மட்டும் சேர்க்கவும். எல்லாத் துண்டங்களையும் மீதி எலுமிச்சஞ்சாற்றில் புரட்டி, ஜவ்வரிசியோடு கூழில் இட்டு, மேலும் கீழுமாக நான்கு முறை கிளறி நிறுத்தவும். மேலும் கிளறினால் வாழை குழைந்துவிடும். மூடி, ஒரு மணி நேரம் குளிரவைத்துப் பரிமாறலாம். நம் மலையின் மிளகை ஒரு சிட்டிகை பொடித்துத் தூவுவதும், கெட்டிக் காப்பிக் கஷாயம் ஒரு கரண்டி விடுவதும் அவரவர் இஷ்டம். நான் கஷாயத்தின் கட்சி.

அன்னாசியையும் பப்பாளியையும் இதில் சேர்க்கலாமா என்று கேட்போர் உண்டு. பச்சையாகச் சேர்க்கலாகாது. அன்னாசியிலுள்ள புரோமலின், பப்பாளியிலுள்ள பப்பைன் என்னும் நொதிப்பொருள்கள் பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கும், கூழும் நீர்த்துப்போகும். அன்னாசித் துண்டங்களைச் சர்க்கரைப் பாகில் சில நிமிஷம் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் அந்நொதி அழிந்துவிடும். பிறகு தாராளமாகச் சேர்க்கலாம். பப்பாளியைத் தனியே உண்பதே மேல்.

சுத்தத்தைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அடுப்பேறும் பதார்த்தத்தில் கிருமிகளை நெருப்பு அழித்துவிடும். இதில் அந்தக் காவல் கிடையாது. எனவே நன்கு காய்ச்சிய பாலில் தோய்த்த தயிரே ஆக வேண்டும். பழத்தை அறுப்பதற்கு முன்பே நல்ல நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். தோலில் உள்ள மண் கத்தி வழியாகச் சதைக்கு ஏறும். கையும் பலகையும் கத்தியும் அவ்வாறே சுத்தமாயிருக்க வேண்டும். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த கலவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கலாகாது. கடுங்கோடையில் ஒரு மணி நேரமே. செய்த அன்றே உண்டுவிட வேண்டும். நாளைக்கு என்று வைப்பதற்கு இது ஊறுகாயன்று. நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையையும் வாழையையும் ஜவ்வரிசியையும் குறைத்து, வெண்ணெய்ப்பழத்தையும் கொய்யாவையும் கூட்டிக்கொள்ளலாம்.

இதைச் செய்து பிரயாணிகளுக்கு விற்கலாம் என்று எண்ணும் மாதர் குழுவினர், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ச் சிறு வியாபாரிக்கும் பதிவு வேண்டும் என்பதை மறக்கலாகாது. குளிர்ப்பெட்டி வசதி இல்லாத இடத்தில் இந்த வியாபாரத்தில் இறங்காமலிருப்பதே புத்திசாலித்தனம். அளவு சிறிதாயினும், வியாபாரி ஒதுக்கிவிட்ட சிறு பழமும், தோலில் தழும்புள்ள பழமும் இதில் முழு மதிப்புப் பெறுகின்றன. தழும்பு தோலோடு போய்விடும். கிண்ணத்தில் அதைக் காண்பாரில்லை.

துணியிலிருந்து இறங்கிய தெளிநீர் ஒரு லிட்டருக்கு மேலேயே இருக்கும். அதைச் சாக்கடையில் விடாதீர்கள். உப்பும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் இட்டு அன்றே பருகலாம். சப்பாத்தி மாவு பிசையலாம். இரசத்தில் புளிக்குப் பதிலாகவும் விடலாம்.